இரண்டு அச்சு, ஒரு கழுத்து

கோடை முற்றிவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் எக்ஸெல் வண்டிகளுக்கு ஓய்வில்லை. குமாரலிங்கபுரம் போன்ற கரிசல் ஊர்களில் தண்ணீர்க் குடம் ஏற்றுவதற்கென்றே வெல்டிங் பட்டறையில் சொல்லி, சீட்டுக்குப் பின்னால் இரும்புக் கேரியர் அடித்து வைத்திருப்பார்கள். மூன்று குடத்தை வைத்துக் கட்டிக் கிளம்பினால் முதல் பத்தடியிலேயே தெரிந்துவிடும்: ஹேண்டில்பார் கையில் நிற்காமல் துள்ளும், முன்சக்கரம் ரோட்டைப் பிடிக்க மாட்டேன் என்னும். ஓட்டுகிறவர் தன்னால் சீட்டில் முன்னுக்கு நகர்ந்து உட்காருவார். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

கணக்கு எளிது. குடத்துக்கு 15 லிட்டர் என்றால் மூன்று குடம் 45 கிலோ. அந்தச் சுமையின் மையம் பின் அச்சிலிருந்து 20 செ.மீ. பின்னால் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அச்சுக்கும் நடுவே சுமார் 1.2 மீட்டர். நெம்புகோல் விதிப்படி முன்சக்கரத்தின் மேலிருக்கும் பாரத்தில் 7.5 கிலோ கழிந்துவிடும். பின்சக்கரத்தின் தலையில் 52.5 கிலோ ஏறும். கேரியர் அடித்தவர் எஞ்சினைத் தொடவில்லை, சக்கரத்தைத் தொடவில்லை. நாலு ஆங்கிள் துண்டு, சில போல்ட், அவ்வளவுதான். ஆனாலும் அது இப்போது வேறு வண்டி.

ஒரு கேரியருக்கே இந்தக் கதி என்றால், வெறும் குழாயை வாங்கி வந்து ஃபிரேமிலிருந்தே மோட்டார் சைக்கிள் கட்ட நினைப்பவரின் பாட்டை யோசித்துப் பார்க்கலாம். நம்மூரில் கஸ்டம் பைக் என்றால் பெரும்பாலும் டேங்குக்குப் புதுப் பெயிண்ட், அகல டயர், அக்கம்பக்கத்துத் தூக்கத்தைக் கெடுக்கும் சைலன்சர். அதெல்லாம் அலங்காரம். ஃபிரேமிலிருந்து கட்டுகிறவர் பட்டறைக்குள் நுழையும் முன் ஒரு பெரிய தாளின் முன்னால் உட்கார வேண்டும்.

தாளில் முதல் கோடு தரை. அதன்மேல் இரண்டு வட்டம், அதாவது சக்கரங்கள். இரண்டின் மையங்களுக்கும் இடையிலான தூரம் வீல்பேஸ். பழைய புல்லட்டில் அது 1370 மி.மீ. அடுத்து, ஹேண்டில்பார் திரும்புவதற்கான கோன் செட் உட்காரும் குட்டைக் குழாய். அதைக் கழுத்து என்போம். கழுத்து நேர்க்குத்தாக நிற்பதில்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கும். எவ்வளவு சாய்வு என்பதில்தான் வண்டியின் குணம் முக்கால்வாசி தீர்மானமாகிறது.

கழுத்தின் நடுக்கோட்டை அப்படியே கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடம் ஒன்று. டயர் தரையைத் தொடும் இடம் இன்னொன்று. டயர் தொடும் புள்ளி சற்றுப் பின்னால் இருக்கும். இந்த இடைவெளிக்குப் பெயர் டிரெயில். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அதன் சின்னச் சக்கரம் தானாகச் சுழன்று போகும் திசைக்குப் பின்னால் வந்து நிற்கிறதே, அந்த வேலையைத்தான் டிரெயில் இங்கே செய்கிறது: சக்கரம் விலகினால் தரையின் உரசலே அதை இழுத்து நேராக்கும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் ஆரம் 330 மி.மீ., ஃபோர்க் கழுத்துக் கோட்டிலிருந்து 50 மி.மீ. முன்தள்ளி இருக்கிறது. கழுத்துச் சாய்வு 24 பாகை என்றால் டிரெயில் 92 மி.மீ.; 27 பாகைக்கு 112; சினிமாவில் வரும் நீளக்கால் சாப்பர் மாதிரி 35 பாகைக்குச் சாய்த்தால் 170. எண் கூடக் கூட நேர்ரோட்டில் வண்டி அம்புபோல் போகும். ஆனால் அதே வண்டியை மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில்பார் தன் பாரத்தாலேயே ஒரு பக்கம் மடிந்து விழப் பார்க்கும். கரிசல் மண் மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட தார் ரோடு சில வருஷத்திலேயே அலை அலையாக எழும்பி, ஓரம் பிளந்துவிடும். அந்த ரோட்டில் 35 பாகை வண்டியோடு மல்லுக்கட்டுகிறவருக்கு சினிமா ஞாபகத்துக்கு வராது, தோள்வலிதான் வரும்.

டிரெயில்தான் எல்லாம் என்று முடித்துவிடவும் முடியாது. டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், யாராலும் ஓட்ட முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்தே தீர்வது என்று கிளம்பி, 1970இல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் அதன் கதையை எழுதினார். சக்கரம் சுழல்வதால்தான் சைக்கிள் விழாமல் நிற்கிறது என்பது பாடப்புத்தகப் பேச்சு. அவர் முன்சக்கரத்தோடு இன்னொரு சக்கரத்தை எதிர்த்திசையில் சுழலவிட்டு அந்த விளைவை ரத்து செய்தார். சைக்கிள் சாதாரணமாக ஓடியது. முன்சக்கரத்தை இன்னும் முன்னால் தள்ளி டிரெயிலைத் தலைகீழாக்கியபோதுதான் வண்டி முரண்டு பிடித்தது. ஆக டிரெயிலே காரணம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்க, 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சுழற்சி விளைவும் இல்லாத, டிரெயிலும் இல்லாத ஒரு வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். ஆள் இல்லாமலே அது விழாமல் உருண்டது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கில் சேர்ந்துகொண்டது. எக்ஸெல்லில் குடம் கட்டுகிறவருக்கு இது புதுச் செய்தி ஆகாது.

எஞ்சினைத் தொடாமல் ஃபிரேமை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு 1950ஆம் வருஷத்தைவிட நல்ல சாட்சி இல்லை. இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனியிடம் நல்ல ரேஸ் எஞ்சின் இருந்தது, ஆனால் அதற்கு வயசாகிவிட்டது. இத்தாலிய வண்டிகள் வேகத்தில் முந்திக்கொண்டிருந்தன. நார்ட்டனின் பழைய ஃபிரேமோ ரேஸின் அடியைத் தாங்காமல் உடைந்துகொண்டிருந்தது. பெல்ஃபாஸ்ட்டில் பட்டறை வைத்திருந்த ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ், தம் சகோதரர் க்ரோமியோடு சேர்ந்து புது ஃபிரேம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். இடதில் ஒரு குழாய் வளையம், வலதில் ஒன்று. இரண்டும் கழுத்தில் வந்து குறுக்காகப் பின்னிக்கொள்ளும். ரெனால்ட்ஸ் 531 என்ற மெல்லிய மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய், வெண்கலத்தால் ஒட்டியது. அந்த வருஷம் ஐல் ஆஃப் மேன் டி.டி. பந்தயத்தில் ஜூனியர், சீனியர் இரண்டிலும் முதல் மூன்று இடங்கள் நார்ட்டனுக்கு. மெத்தையில் உட்கார்ந்து போவதுபோல் இருக்கிறது என்று ஓட்டுநர் ஹரால்டு டேனியல் சொல்லப்போய், ஃபெதர்பெட் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பிறகு இங்கிலாந்து இளைஞர்கள் அந்த ஃபிரேமை வாங்கி, அதில் டிரையம்ஃப் எஞ்சினை ஏற்றி, ‘டிரைட்டன்’ என்று ஓட்டித் திரிந்தார்கள். கஸ்டம் பைக் கலாசாரத்தின் ஒரு கிளை இப்படி முளைத்தது.

இந்தக் கிளையின் நுனி இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச்சைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் புல்லட் தயாரானது. தாய்க் கம்பெனி பின்னர் மூடிப்போனது, புல்லட் மட்டும் நிற்கவில்லை. அந்தச் சென்னை நிறுவனம் 2013இல் கான்டினென்டல் ஜிடி வண்டியைக் கொண்டுவந்தபோது அதன் ஃபிரேமுக்குத் தேடிப்போனது ஹாரிஸ் பெர்ஃபாமன்ஸிடம். ரேஸ் வண்டிகளுக்குச் சேசிஸ் கட்டிப் பேர் வாங்கிய சின்ன ஆங்கிலேய நிறுவனம் அது. 2015இல் அந்த ஹாரிஸையே சென்னை நிறுவனம் விலைக்கு வாங்கிவிட்டது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வெளிவரும் 650 இரட்டை சிலிண்டர் வண்டிகளின் ஃபிரேமில் ஹாரிஸின் கை இருக்கிறது.

தமிழ்நாட்டில் பைக்கைப் பிரித்துப் பார்த்த கதை என்றால் ஜி.டி. நாயுடுவைத் தாண்டிப் போக முடியாது. கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்தவர். ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவைக்குப் போய் ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். வாங்கியதும் ஓட்டவில்லை, முழுக்கப் பிரித்தார், திரும்ப மாட்டினார். பின்னாளில் பஸ் கம்பெனியும் மின்மோட்டாரும் சவர ரேசரும் வந்தது அந்தக் கையிலிருந்துதான்.

நாயுடு பிரித்த ரட்ஜின் காலத்தில் மோட்டார் சைக்கிள் ஃபிரேம் என்பது கனத்த சைக்கிள் ஃபிரேம்தான்: வார்ப்புப் பூண்களுக்குள் குழாயைச் சொருகிப் பித்தளை உருக்கி ஒட்டியது, பின்பக்கம் ஸ்பிரிங் என்பதே கிடையாது. பிரித்து மாட்டுகிறவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. எந்த போல்ட் எந்த ஓட்டையில் என்பதை, ரட்ஜ் தயாரான கவன்ட்ரியில் யாரோ முன்னமே தீர்மானித்துவிட்டார். ஓட்டையை எங்கே போடுவது என்று தீர்மானிப்பதுதான் ஃபிரேமிலிருந்து கட்டுகிறவரின் வேலை, அதில் அவருக்கு வழிகாட்ட எதிரே முழு வண்டி கிடையாது.

முதல் கேள்வி, எந்தக் குழாய்? கையில் கிடைப்பது ஜி.ஐ. பைப். வேண்டாம். தண்ணீர்க் குழாயை உள்விட்டத்தின் பேரில் விற்பார்கள். சுவர்க் கனம் முழுவதும் ஒரே சீராக இருக்கவேண்டிய அவசியம் அதற்கில்லை. மேலே பூசிய துத்தநாகம் வெல்டிங் சூட்டில் ஆவியாகிப் பற்றில் துளைகளை விட்டுவிடும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். வாங்கவேண்டியது குளிர்நிலையில் இழுத்த சி.டி.டபிள்யூ. குழாய். ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1950களிலிருந்து குழாய் தயாரிக்கிறது. வாகனத் தொழிற்சாலைகளுக்குப் போகும் சரக்கு அது.

குரோமோலி என்ற குரோமியம்-மாலிப்டினம் எஃகு வாங்கினால் ஃபிரேம் விறைப்பாக இருக்கும் என்று ஆன்லைனில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. குரோமோலி உடைவதற்கும் நிரந்தரமாக வளைவதற்கும் அதிக விசை வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஒரு பாரத்துக்கு எவ்வளவு வளைந்து மீளும் என்று பார்த்தால், விலை குறைந்த எஃகும் விலை கூடிய எஃகும் ஏறக்குறைய ஒன்றே. விறைப்பு வேண்டுமானால் குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். 25.4 மி.மீ. விட்டம், 2 மி.மீ. சுவர் கொண்ட குழாயை எடுத்துக்கொள்வோம். விட்டத்தை இரட்டிப்பாக்கி, சுவரை 1 மி.மீ. ஆக்கினால் எடை கிட்டத்தட்ட அதேதான், விறைப்போ நாலு மடங்குக்கும் மேல். சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் எக்லி 1960களில் வின்சென்ட் எஞ்சினுக்குக் கட்டிய ஃபிரேமில் பெரிய விட்டமுள்ள ஒற்றைக் குழாயை முதுகெலும்பாக வைத்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம். எல்லை இல்லாமல் போகவும் முடியாது. சுவர் மெலிய மெலிய ஒரு கல் பட்டால் சொட்டையாகும், வெல்டிங்கில் ஓட்டை விழும்.

குழாய் வந்தாயிற்று. இனி அதை அசையாமல் பிடித்துவைக்கும் ஜிக்.

பட்டறையில் நிஜமான வேலை இங்கேதான், நேரமும் இங்கேதான் போகும். ஒரு கனத்த ஐ-பீமைத் தரையில் போட்டு ரசமட்டம் வைத்துச் சமப்படுத்துவார்கள். அதன் மேல் மூன்று தூண் எழும்பும்: ஒன்று பின் அச்சுக்கு, ஒன்று பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் கீலுக்கு, ஒன்று கழுத்துக்கு. கழுத்துக் குழாயின் இரண்டு முனையிலும் கூம்பு வைத்து இறுக்கி, கோணமானியில் 27 பாகை காட்டும்வரை தட்டி நிறுத்துவார்கள். பீமின் நடுவே ஒரு நூல் இழுத்துக் கட்டுவார்கள். கழுத்தின் மையத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அதன் கூர் அந்த நூலின் மேல் விழ வேண்டும். பக்கவாட்டில் கழுத்து ஒரே ஒரு பாகை சாய்ந்துவிட்டால் போதும். தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கும் அந்தச் சாய்வு தரைக்கு வரும்போது 12 மி.மீ. விலகலாகிவிடும். முன்சக்கரம் ஒரு தடத்திலும் பின்சக்கரம் வேறு தடத்திலும் போகும். கையை விட்டால் வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும்.

எஞ்சினையும் ஜிக்கில் வைத்துத்தான் குழாய்களை அளவெடுக்க வேண்டும். முழு எஞ்சின் வேண்டாம், வெறும் கேஸ் போதும். முன் ஸ்பிராக்கெட்டும் பின் ஸ்பிராக்கெட்டும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். நீளமான ரூல் தடியை இரண்டின் முகத்திலும் ஒட்டிவைத்துப் பார்ப்பார்கள், வெளிச்சம் புகக்கூடாது. ஒரு குழாய் இன்னொன்றைச் சந்திக்கும் இடத்தில் அதன் முனையை மற்றதன் முதுகில் அப்படியே படிகிற மாதிரி குடைவார்கள். இடுக்கு இருந்தால் கம்பியை உருக்கி அடைத்துக்கொள்ளலாம் என்பது கேட், கிரில் அடிக்கிறவர்களின் கணக்கு. இங்கே அது செல்லாது, காரணம் சுருக்கம். எஃகு 100 பாகை சூடானால் மீட்டருக்கு 1.2 மி.மீ. நீளும். உருகிய பற்று ஆறும்போது சுருங்கி, பக்கத்துக் குழாயைத் தன் பக்கம் இழுக்கும். இடுக்கு பெரிதாக இருந்தால் பற்று கூடும். பற்று கூடினால் இழுப்பும் கூடும்.

அதனால் ஒரு மூட்டை ஒரே மூச்சில் சுற்றிப் பற்றவைப்பதில்லை. முதலில் எல்லா மூட்டிலும் எதிரெதிராக டேக், அதாவது சின்னச் சின்னப் பற்றுப் புள்ளிகள். பிறகு அளவு பார்ப்பது. அடுத்து ஆர்கான் வெல்டிங்கில் இடது மூட்டில் ஓர் அங்குலம், வலது மூட்டில் ஓர் அங்குலம், கழுத்தில் கொஞ்சம், ஆறவிடுவது, மறுபடி தூக்குக்குண்டு. அவசரக்காரரை இந்த வேலைக்குச் சேர்க்கவே கூடாது. ஆறிய பிறகு போல்ட்டைக் கழற்றியதும் ஜிக்கிலிருந்து ஃபிரேம் தடையில்லாமல் எழும்பினால் நல்ல சகுனம். ‘டங்’கென்று துள்ளினால் உள்ளுக்குள் இறுக்கம் பதுங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

புல்லட் எஞ்சினை வைத்துக் கட்டுகிறவர்கள் கவனிக்கவேண்டிய சங்கதி ஒன்று உண்டு. புல்லட்டின் ஃபிரேமில் கழுத்திலிருந்து கீழிறங்கும் முன்குழாய் எஞ்சினின் நெற்றியில் வந்து முடிந்துவிடும். அடியில் குழாயே கிடையாது. எஞ்சின்தான் அந்த இடைவெளியை இணைக்கும் எலும்பு. எஞ்சினை இறக்கினால் ஃபிரேம் பாதி வளையம்தான். இந்த எஞ்சினை, அடியிலும் குழாய் ஓடும் முழுத் தொட்டில் ஃபிரேமில் வைக்கும்போது அதன் எலும்பு வேலை குறையும், உதறல் மட்டும் அப்படியே இருக்கும்.

உதறல் சாமானியமில்லை. 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. நிமிஷத்துக்கு 4000 சுற்றில் பிஸ்டன் மேல்முனையில் திரும்பும்போது அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 800 மடங்கைத் தாண்டும். ஏறி இறங்கும் பாகங்கள் அரை கிலோ என்று வைத்தால்கூட ஒவ்வொரு திருப்பத்திலும் 400 கிலோ எடைக்குச் சமமான உதை. கிராங்கில் சேர்த்த எதிர்எடை அதில் ஒரு பங்கைத்தான் தின்னும். மிச்சம் மவுண்டிங் போல்ட் வழியாக ஃபிரேமுக்குள் இறங்கும், வினாடிக்கு 67 தடவை. ஒரு தடவையில் எதுவும் உடையாது. கோடி தடவைக்குப் பிறகு வெல்டிங் ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு பள்ளம் இருந்தால், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதைப் பிடிக்க விலை குறைந்த வழி ஒன்று இருக்கிறது. சிவப்புச் சாய ஸ்பிரேயை மூட்டின் மேல் அடித்து, சற்றுப் பொறுத்துத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பவுடர் ஸ்பிரே அடிப்பார்கள். விரிசலுக்குள் ஊறிப்போன சாயம் வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடாகக் கசியும். பெயிண்ட் அடித்த பிறகு இதைச் செய்ய முடியாது. வெறும் ஃபிரேமாகவே வண்டியைப் பூட்டி, கொஞ்ச தூரம் ஓட்டி, பிரித்து, சோதித்துவிட்டுத்தான் பெயிண்டுக்கு அனுப்ப வேண்டும்.

ஓட்டுவது எங்கே என்பதுதான் இந்தியாவில் சிக்கல். 1988ஆம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே வருஷத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. புது ஃபிரேம் கட்டினால் அது புது வாகனம். விற்பனைக்கு வரும் மாடல்களின் மாதிரி வண்டி அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் தேறவேண்டும். ஒரகடத்திலேயே மத்திய அரசின் சோதனை மையம் ஒன்று உண்டு. பத்தாயிரம் வண்டி விற்கப்போகும் கம்பெனிக்கு அந்தச் செலவு கட்டும், ஒற்றை வண்டி கட்டுகிறவருக்குக் கட்டாது. பிரிட்டனில் ஒற்றை மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப் பரிசோதனை முறை இருக்கிறது: வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, தேறினால் நம்பர் வாங்கிக்கொள்ளலாம். அப்படி ஒன்று இங்கேயும் வேண்டும். ரகசியமாக ஓடும் அரைகுறை வண்டியைவிட, ஆய்வாளர் பார்த்து அனுப்பிய வண்டி ஊருக்கு நல்லது.

அதுவரை ரேஸ் டிராக் ஒன்றுதான் புகலிடம். நம் மாநிலத்துக்கு அதில் குறைவில்லை: சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை, கோவை அருகே செட்டிபாளையம். இரண்டாவது, எஸ். கரிவரதன் பெயர் தாங்கியது. மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கோவையிலேயே கட்டி, காசு குறைந்த இளைஞர்களுக்கும் ரேஸ் எட்டும்படி செய்தவர் அவர். டிராக்கில் நம்பர் பிளேட் கேட்கமாட்டார்கள், ஆர்.சி. புத்தகமும் கேட்கமாட்டார்கள். ஆனால் பரிசோதகர் குனிந்து பார்ப்பார். ஆயில் வடிக்கும் போல்ட் கழன்று விழாதபடி கம்பி முறுக்கியிருக்கிறதா? ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பினால் விரல் டேங்கில் நசுங்குகிறதா? முன்பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கோன் செட்டில் ஆட்டம் தெரிகிறதா? ஆட்டம் தெரிந்தால், எத்தனை மாதம் உழைத்த வண்டியானாலும் அன்றைக்கு டிராக்கில் இறங்காது.